மூணு கிட்டாரும் தாளம் பிடிக்கிற ஆளும்

ஜி3 என்கிற கிட்டார் கச்சேரி என்றால் என்னவென்று பாலக்காட்டு எல்லையில் எங்கள் பக்கத்தில் யாராவது கேட்டால் நான் கேரளத்துச் செண்டை வாசிப்பான தாயம்பகாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க்காரர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். வேலந்தாவளம் தாண்டி கோவைப் பக்கம் போய்விட்டால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். வேலா நாளில் (திருவிழாவை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) தீபாராதனை முடிந்து இருட்டிய பிறகு ஒரு செண்டைக்காரர் நடுவில் வந்து நிற்பார். வலது கையில் ஒரு குச்சி, இடது கை வெறுங்கை. சுற்றிலும் நிற்கிற வலந்தலைக்காரர்களும் (அடித்தாளத்துக்கான செண்டை) இலத்தாளக்காரர்களும் (கைத்தாளம்) அடித்தாளத்தைக் கொஞ்சம்கூட நழுவவிடாமல் பிடித்திருக்க, இவர் நிதானமாகத் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் கண்ணுக்குக் கை தெரியாத வேகம் வரை கொண்டுபோவார். இதையே இரண்டு பேர் நின்று மாறி மாறி வாசித்தால் இரட்டைத் தாயம்பகா, மூன்று பேர் என்றால் டிரிப்பிள். மட்டன்னூர் சங்கரன்குட்டி தன் இரண்டு மகன்களோடு நின்று வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ராக் கிட்டாரின் டிரிப்பிள் தாயம்பகாதான் ஜி3. ஜி என்றால் கிட்டார், 3 என்றால் மூன்று பேர், அவ்வளவுதான் பெயர்க் காரணம். 1996இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானி தொடங்கினார். முதல் சுற்றில் அவரோடு ஸ்டீவ் வாய், எரிக் ஜான்சன். அதிலிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை, ஆளை மாற்றி, நாட்டை மாற்றி இது கிளம்பிக்கொண்டே இருக்கிறது. சாட்ரியானி எப்போதும் இருப்பார், வாய் பெரும்பாலும் இருப்பார், மூன்றாவது இடம்தான் மாறும்.

இது ஏன் 1996இல் வந்தது என்பதைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். 1980களின் கடைசியில் பாட்டே இல்லாமல் வெறும் கிட்டாரை மட்டும் வைத்து ஆல்பம் போட்டு விற்க முடிந்தது. சாட்ரியானியின் 1987 ஆல்பமும் வாயின் 1990 ஆல்பமும் அப்படி வந்து பெரிய அளவில் போனவைதான். ஜான்சனின் ஒரு வாத்தியப் பாட்டுக்கு 1992இல் கிராமி விருதே கிடைத்தது. அதற்குள் நிர்வானா போன்ற குழுக்களின் அலை அடித்துவிட்டது. நீளமான சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பதே பழைய தலைமுறையின் பகட்டு என்று ஆகி, 1990களின் நடுவில் ரேடியோவிலும் டிவியிலும் இவர்களுக்கான இடம் சுருங்கிப்போனது. கேட்கிற ஆள் இல்லாமல் போகவில்லை, ஆனால் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக டூர் போனால் ஒவ்வொருவருக்கும் பாதி அரங்கம், மூன்று பேரும் சேர்ந்து போனால் முழு அரங்கம். தொழில் கணக்கு இவ்வளவு எளிமையானதுதான், அதைச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

ஆனால் சாட்ரியானி பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிற காரணம் வேறு. சின்ன வயதில் நண்பர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, ஒருத்தன் வாசிக்க இன்னொருத்தன் கேட்டு, அதைத் திருடி, மறுநாள் அதைவிட நன்றாக வாசித்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பெயர் வந்தபிறகு அது காணாமல் போய்விட்டது. ஒரே வாத்தியம் வாசிக்கிற இரண்டு பேரை ஒரே மேடையில் ஏற்றினால் யார் பெரியவர் என்ற பேச்சு வந்துவிடும் என்று நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்களும் மேனேஜர்களும் தயங்கியதால் ஒருவரையொருவர் சந்திக்கவே வழி இல்லாமல் போனது. அந்தப் பழைய அறையைத் திரும்பக் கட்டத்தான் ஜி3 என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். நம்புவதற்குக் காரணம் ஸ்டீவ் வாய்.

வாய், சாட்ரியானியின் மாணவர். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், சாட்ரியானி 4 வயது மூத்தவர். பதின்மூன்று வயது வாக்கில் வாய் முதல் பாடத்துக்கு சாட்ரியானி வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஒரு கையில் தந்தி இல்லாத கிட்டார், இன்னொரு கையில் பிரிக்காத தந்திப் பொட்டலம். தந்தி மாட்டத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவரே அப்போது பள்ளிக்கூடப் பையன். பிறகு வாய் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் ஸாப்பாவின் குழுவில் சேர்ந்து, எழுதவே முடியாத இசையையெல்லாம் காதால் கேட்டு எழுதிக் கொடுத்து, குருவுக்கு முன்பே பெயர் வாங்கினார். சாட்ரியானி கலிபோர்னியாவுக்குப் போய் அங்கேயும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், மெட்டாலிகா குழுவின் கிட்டார்க்காரர் கிர்க் ஹாம்மெட் அப்படி அவரிடம் படித்தவர்தான். ஆக, மேடையில் அந்த இருவரும் எதிரெதிரே நின்று வாசிக்கும்போது நாம் பார்ப்பது ஒரு குருவும் சிஷ்யனும் அந்தப் பழைய பாடத்தைத் தொடர்வதைத்தான்.

சரி, ஒரு ராத்திரி எப்படிப் போகும்? முதலில் மூன்றாவது ஆள் தன் குழுவோடு வந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் வாசிப்பார். அடுத்து பெரும்பாலும் வாய், அவருடைய குழுவோடு. பிறகு சாட்ரியானி. எல்லாம் முடிந்தபின் சாட்ரியானியின் குழு மேடையிலேயே நிற்க, மற்ற இருவரும் திரும்ப வந்து சேர்ந்து, வழக்கமாக மூன்று பாட்டு. இதற்குப் பெயர் ஜாம். சொந்தப் பாட்டு எதுவும் வாசிக்க மாட்டார்கள். 1996 பதிவில் அந்த மூன்றில் ஒன்று கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒரு மெதுவான புளூஸ், இன்னொன்று ஸாப்பாவுடையது. முதல் மூன்று மணி நேரம் மூன்று தனிக் கச்சேரிகள், அதைத் தனித்தனியாக வேறு எங்கும் கேட்டுவிடலாம். ஜி3 என்ற பெயருக்கு உரியது கடைசி அரை மணி நேரம் மட்டும்தான் என்பது என் கட்சி.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் கிட்டார் தொட்டே பார்க்காத ஒருவர். எங்கள் தெருவில் ஒரு செண்டை ஆசான் இருக்கிறார், வீட்டில் தமிழ், வித்தை முழுக்க மலையாளத்தில் படித்தது. 2006 வாக்கில் நான் ஒரு சின்ன கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) குழுவில் ரிதம் கிட்டார் (பின்னணிக்கானது) வாசித்துக்கொண்டிருந்தபோது, கோவையிலிருந்து ஒரு நண்பன் ஜி3யின் டென்வர் கச்சேரி டிவிடியைக் கொண்டுவந்தான். 2003இல் எடுத்தது. சாட்ரியானி, வாய், ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன். சத்தம் கேட்டு ஆசான் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தனிக் கச்சேரிகளை அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஜாம் தொடங்கியதும் எழுந்து உள்ளே வந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரின் விரல்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய வலது கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “மூணு பேரும் வாசிக்கறாங்கோ, சரி. தாளம் யாரு பிடிக்கறா?”

டிரம்ஸைக் காட்டினேன். “அது இல்ல தம்பி, தந்தில யாரு பிடிக்கறா?” என்றார்.

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. பின்னால் இன்னொரு கிட்டார் இருந்தது, நாலாவது கிட்டார். கேலன் ஹென்சன் என்பவர், சாட்ரியானி குழுவின் ரிதம் கிட்டார். மூன்று நட்சத்திரங்கள் முன்னால் நின்று பறக்க, இவர் அதே கார்டை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை) பிசகாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். நானே ரிதம் வாசிக்கிறவன், நானே அவரைப் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. அவர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லீடு, அதாவது முன்னணி வாசிப்பு, வாசிக்கிற கிட்டார் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் பிடிக்கும். அந்த ஸ்வரம் இனிக்கிறதா உறுத்துகிறதா என்பதை அடியில் ஓடுகிற கார்டுதான் தீர்மானிக்கிறது. அடி நின்றால் மேலே நடப்பது வெறும் விரல் பயிற்சி.

ஜாமின் உள் வேலையும் நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கமும் கடமும் முதலில் நீளமாக ஆளுக்கொரு முறை வாசிப்பார்கள், அப்புறம் குறைப்பு வரும். நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ரெண்டாகும், ரெண்டு ஒன்றாகும், ஒன்று பாதியாகும், கடைசியில் இரண்டும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகள். பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஜி3 ஜாமிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். புளூஸ் வகைப் பாட்டில் ஒரு சுற்று என்பது 12 பார் (தாள அளவு), அதற்குள் மூன்றே கார்டு. முதலில் ஒருவர் இரண்டு மூன்று சுற்று எடுத்துக்கொள்வார், கண்ணால் சைகை காட்டி அடுத்தவருக்கு விடுவார். ஒரு வட்டம் முடிந்ததும் பங்கு சுருங்கும், நாலு பார், ரெண்டு பார் என்று வந்து, கடைசியில் மூன்றும் ஒரே வரியில் போய் விழும். ஹென்ட்ரிக்ஸ் பாட்டையே ஏன் அடிக்கடி எடுக்கிறார்கள் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாட்டுகள் அவை, ஒத்திகை இல்லாமலேயே அடுத்த கார்டு எது என்று விரலுக்குத் தெரியும், அதனால் காது முழுவதையும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்க முடியும்.

இதில் இன்னொரு சிக்கல் சத்தம். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட மூன்று கிட்டார் ஒரே நேரத்தில் வாசித்தால் மூன்றும் ஒலியின் ஒரே நடு இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும், மூன்று பேர் ஒரே குரலில் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி. ஆளுக்கு ஆள் குரல் வேறாக இருந்தால்தான் தப்பிக்க முடியும். அதனால் மூவரைத் தேர்ந்தெடுப்பதில் திறமையைவிட குரல் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சாட்ரியானியுடையது கனமான, பாடுகிற குரல், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் பிக் (தந்தியைத் தட்டுகிற வில்லை) படாமல் இடது கை விரலாலேயே வழுக்கிப் போவார். வாய் வாமி பாரை (தந்தியின் இறுக்கத்தை மாற்றுகிற கம்பி) வைத்து கிட்டாரைப் பேச வைப்பார், சிரிக்க வைப்பார். ஜான்சனுடையது வயலின் மாதிரி வழவழப்பானது. ஒலியை மாற்றுகிற தன் பெடலில் போடுகிற பேட்டரியின் கம்பெனி மாறினால்கூட அவருக்குக் காதில் தெரியும் என்று கிட்டார்க்காரர்கள் ஆச்சரியமாகச் சொல்வார்கள். இந்த மூன்றும் சேர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாம். 1996 அணியை இன்றைக்கும் எல்லோரும் உச்சியில் வைப்பதற்கு இதுவே காரணம்.

மால்ம்ஸ்டீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய கிட்டாரில் ஃப்ரெட்டுக்கும் (மெட்டு) ஃப்ரெட்டுக்கும் நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்திருப்பார்கள். விரல் மரத்தில் படாது, தந்தியை மட்டும்தான் தொடும், லேசாக அழுத்தினாலே ஸ்வரம் வளையும். சிறு வயதில் வாத்தியம் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு பழைய லூட்டில் (ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) இதைப் பார்த்துத் தானும் செதுக்கிக்கொண்டார். நம் வீணையை நினைத்துப் பாருங்கள். மெழுகில் உயரமாகப் பதித்த 24 மெட்டு, தந்திக்கும் தண்டிக்கும் நடுவே வெற்றிடம், அதனால்தான் தந்தியை இழுத்து கமகம் கொண்டுவர முடிகிறது. 1970களில் இந்திய இசையும் ஜாஸும் சேர்ந்த சக்தி குழுவுக்காக ஆங்கிலேய கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்ளின் இப்படிக் குழித்த கிட்டாரைச் செய்யச் சொன்னது வீணையை மனதில் வைத்துத்தான். ஒரே உபாயத்தை மால்ம்ஸ்டீன் வேகத்துக்கும் நாம் வளைவுக்கும் பயன்படுத்துகிறோம். குழிக்காத சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசையைக் கொண்டுவந்த பிரசன்னா நம் இன்னொரு எல்லையான ராணிப்பேட்டைக்காரர், கொச்சியின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன் ராக்குக்குள்ளேயே கமகத்தைப் புகுத்தியவர். இவர்களைக் கேட்டு வளர்ந்த காதோடு ஜி3 கேட்டால் வேகத்தில் மயங்காமல் வளைவைத் தேடத் தொடங்கிவிடுவோம். எனக்கு அப்படித்தான் ஆனது.

மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களில் சிலரின் வரலாறு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. 1984இல் மால்ம்ஸ்டீன் அல்கட்ராஸ் குழுவை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு வந்தவர் வாய். ஒருவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தவரும் எழுந்தவரும் 2003இல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். டீப் பர்ப்பிள் குழுவில் ரிச்சி பிளாக்மோர் விலகியபோது 1993, 1994இல் கைகொடுத்தவர் சாட்ரியானி. அவருக்குப் பின் அங்கே நிலையாகச் சேர்ந்த ஸ்டீவ் மோர்ஸ் 2012இல் ஜி3க்கு வந்தார். ட்ரீம் தியேட்டரின் ஜான் பெட்ரூச்சி 2001இலிருந்து பலமுறை வந்திருக்கிறார். 1998இல் மைக்கேல் ஷெங்கரும் உலி ஜான் ராத்தும், 2007இல் பால் கில்பர்ட், 2018இல் டெஃப் லெப்பர்டின் ஃபில் காலன் என்று பட்டியல் போகும்.

என் மனதுக்கு நெருக்கமானவர் ராபர்ட் ஃபிரிப். கிங் கிரிம்சன் குழுவின் ஃபிரிப். 1997 டூரில் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக மேடையேறி, வாசித்ததையே கருவியில் பிடித்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று மெதுவாக அடுக்கி ஒரு புகை மாதிரி பரப்புவார். 2004இல் மூவரில் ஒருவராகவே வந்தார். வேகம் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் வேகமே இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திய சாட்ரியானியின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். தாயம்பகாவிலும் முதல் கட்டமான பதிகாலம் இப்படித்தான், ஒவ்வொரு அடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் வாசிக்கிறவரின் தரம் தெரியும் என்று ஆசான் சொல்வார்.

குறைகளும் இருக்கின்றன. சில ராத்திரிகளில் ஜாம் வெறும் இரைச்சலாகப் போய்விடும், யாரும் யாருக்கும் இடம் விடாமல் மூவரும் மேல் ஸ்தாயியில் போய் நின்றுகொள்வார்கள். மால்ம்ஸ்டீன் இருந்த பதிவுகளில் அது அதிகம் என்று பலர் சொல்வார்கள், நான் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் அவர் நிறுத்தாமல் ஓடும்போது சாட்ரியானி வேண்டுமென்றே நாலைந்து ஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்கிற இடங்கள் எனக்கு உயிர். எதிரில் ஓடுகிற ஆள் இருந்தால்தான் நிற்பது இவ்வளவு அழகாகத் தெரியும். இதைவிடப் பெரிய குறை வேறு. இத்தனை வருடத்தில் மூவரில் ஒருவராக ஒரு பெண்கூட இருந்ததில்லை. வாசிக்கிற பெண்கள் இல்லாமல் இல்லை. ஜெனிஃபர் பேட்டன் மைக்கேல் ஜாக்சனின் உலக டூர்களில் லீடு வாசித்தவர். அடுத்த முறையாவது இது மாற வேண்டும் என்று ஒரு ரசிகனாக உரிமையோடு சொல்கிறேன்.

2024 ஜனவரி, பிப்ரவரியில் அந்த முதல் மூவரும், சாட்ரியானி, வாய், ஜான்சன், 28 வருடம் கழித்துத் திரும்பவும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். அப்போது ஜான்சனுக்கு 69 வயது, சாட்ரியானிக்கு 67, வாய்க்கு 63. லாஸ் ஏஞ்சலீஸ் பதிவு 2025இல் ஆல்பமாக வந்தது. 1996 பதிவையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வயது விரலில் தெரிவதைவிட காத்திருப்பதில் தெரிகிறது. இளவயதில் அடுத்தவர் வாக்கியம் முடியும் முன்பே உள்ளே நுழைந்தவர்கள், இப்போது அது முழுவதும் அடங்கும்வரை நிற்கிறார்கள்.

முதல் தடவை கேட்கப் போகிறவர்கள் 1996 பதிவின் கடைசி மூன்று பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு முறை மூவருக்காகக் கேளுங்கள். அடுத்த முறை மூவரையும் விட்டுவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அப்புறம் மூன்றாவது முறை கேட்கும்போது கிட்டார் எங்கே மூச்சு விடுகிறது என்பது தானாகக் காதில் விழும்.

2025இல் வந்த அந்தப் புதிய பதிவிலிருந்து ஒரு பாட்டை போனில் வைத்துக்கொண்டு போன மாதம் ஆசான் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது முட்டி வலி, நின்று வாசிப்பதை விட்டுவிட்டார், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். திண்ணையில் நாலைந்து பேர் புளியங்குச்சியை வைத்துக்கொண்டு கருங்கல்லில் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “அந்தப் பின்னால நின்னு பிடிப்பானே, அவன் இருக்கானா?” என்றார்.

இல்லை ஆசானே, இப்போது வேறு ஒருத்தர், கீபோர்டும் வாசிக்கிறார், கிட்டாரும் வாசிக்கிறார் என்றேன்.

“அவனைக் காட்டு” என்று சொல்லிவிட்டு, கல்லில் தட்டிக்கொண்டிருந்த பையன்களையும் பக்கத்தில் வரச் சொன்னார்.